மதுரையை விடப் பக்கம்

மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 417 கிலோமீட்டர். அதே மீனம்பாக்கத்திலிருந்து பலாலி, அதாவது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம், சுமார் 355 கிலோமீட்டர். அறுபது கிலோமீட்டர் பக்கம். நம்பாதவர்கள் அட்சரேகை தீர்க்கரேகையை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மதுரையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, 9.8 டிகிரி வடக்கு. மதுரைக்குப் போக நாம் தென்மேற்கே சாய வேண்டும். பலாலி நமக்கு நேர் தெற்கு. நான் குடியிருக்கும் சிட்லபாக்கத்தின் ஏரிக்கரையிலிருந்து பலாலிக்கு ஒரு கோடு இழுத்தால், அது கல்பாக்கத்துக்குக் கொஞ்சம் தெற்கே கடலில் இறங்கி, கோடியக்கரையை வலது கைப்பக்கம் விட்டுவிட்டு, வலிகாமத்தில் கரையேறும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. என் பிரச்சினையே அதுதான்.

2019-க்குப் பிறகு, அதிலும் 2022 டிசம்பரில் விமானம் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, 'எழுபத்தைந்து நிமிடத்தில் யாழ்ப்பாணம்' என்ற வாக்கியம் எங்கே பார்த்தாலும் இருக்கிறது. ரீல்ஸில் இருக்கிறது. பயணக் கட்டுரைகளின் முதல் பத்தியில் இருக்கிறது. இரு நாட்டு அமைச்சர்களின் பேச்சில் இருக்கிறது. புத்தக வெளியீட்டுக்குப் போய், நல்லூர் கோயில் வீதியில் ஒரு படம், நூலகத்து வாசலில் ஒரு படம், ஒடியல் கூழோடு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டு வருகிற நம் எழுத்தாளர்களின் முகநூல் பதிவுகளில் தவறாமல் இருக்கிறது. 'இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை வருடம் போகாமல் இருந்துவிட்டோமே' என்று ஒரு பெருமூச்சு. அப்புறம் தொப்புள்கொடி.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த எழுபத்தைந்து நிமிடம் ஒரு விசிறி எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதை அளக்கிறது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை கடலோ காற்றோ எஞ்சினோ ஒருநாளும் தீர்மானித்ததில்லை. இரண்டு அரசாங்கங்களின் அலுவலக மேசைகள்தான் தீர்மானித்து வந்திருக்கின்றன. 'ரொம்பப் பக்கம்தான்' என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் நாம் அந்த மேசைகளை மறைத்து நிற்கிறோம்.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்கிற இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அவை செய்வது எளிய வேலை. பூமியின் வளைவில் இரண்டு புள்ளிக்கு இடையே உள்ள தூரத்தை எடுக்கும். ஒரு பெரிய ஜெட் விமானத்தின் சராசரி வேகத்தால், மணிக்கு 800 என்று வையுங்கள், வகுக்கும். ஏற இறங்க அரை மணி கூட்டும். பலாலிக்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் அங்கே போவது ஜெட் இல்லை. ஏடிஆர் 72 என்ற, எழுபது சொச்சம் பேர் உட்காரும் விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அதனால்தான் அட்டவணையில் ஒண்ணேகால் மணி.

அந்த ஒண்ணேகால் மணிக்கு, சிட்லபாக்கத்திலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லாத விமான நிலையத்துக்கு, ஜி.எஸ்.டி. சாலையின் புண்ணியத்தில் முக்கால் மணி. சர்வதேச விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னாடி போய் நிற்க வேண்டும். குடியேற்றம், சுங்கம், அந்தப் பக்கம் மறுபடி குடியேற்றம், சுங்கம். பலாலியிலிருந்து யாழ் நகரத்துக்கு இன்னும் அரை மணிக்கு மேல். கூட்டிப் பாருங்கள், ஆறு மணியைத் தாண்டும். சரி, இருக்கட்டும். இது எல்லா வெளிநாட்டுப் பயணத்துக்கும் உள்ளதுதான், இதற்காக நான் இவ்வளவு நீளம் எழுத மாட்டேன். என் புகார் இந்த ஆறு மணியைப் பற்றியது இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு போட் மெயில் என்ற பெயர் தெரிந்திருக்கும். ராமேஸ்வரம் போகிற இரவு ரயிலை இன்னும் அந்தப் பெயரில்தான் சொல்கிறோம். ரயிலுக்கு எதற்கு 'போட்' என்று யோசிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே நீராவிக் கப்பல், தலைமன்னாரில் இறங்கினால் கப்பலுக்காகவே காத்திருக்கும் இலங்கை ரயில். ஒரே பயணமாக விற்றார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. எண்பதுகளில் போர் வந்ததும் அதுவும் நின்றது.

விமானம்? 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை ஓட்டியது. கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை, அதாவது இதே பலாலியில் இறங்கி, அங்கிருந்து மதராஸ். ஒரு டகோட்டா விமானம். இலங்கையின் தேசிய விமான சேவை பறந்த முதல் பாதையே யாழ்ப்பாணம் வழியாக மீனம்பாக்கத்துக்கு வந்த பாதைதான். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. டகோட்டாவின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பலாலி–மதராஸ் ஒன்றரை மணிக்குள் வந்திருக்கும். ஆக முக்கால் நூற்றாண்டுத் தொழில்நுட்பம் நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ஏறக்குறைய ஒரு கால் மணி. நடுவில் அரசியல் தின்றது நாற்பத்தோரு வருடம். எழுபதுகளின் கடைசியில் ஏர் சிலோனோடு போன விமானம் 2019-இல்தான் திரும்பி வந்தது.

அந்த நாற்பத்தோரு வருடம் பலாலி ஓடுபாதை சும்மா கிடந்தது என்று நினைக்காதீர்கள். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டுவிட்டு வந்தன. அடுத்த மாதக் கடைசியில் இந்திய அமைதிப்படை பலாலியில்தான் வந்து இறங்கியது. படைக்கு அந்தத் தூரம் எப்போதும் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. டிக்கெட் வாங்கி ஏறுகிறவனுக்குத்தான் கடல் அகலமாகிக்கொண்டே போனது.

ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் அந்த வருடங்களில் சென்னைக்கு வர வேண்டும் என்றால் என்ன செய்திருப்பார்? போர் நிறுத்தத்தில் ஏ9 சாலை திறந்திருந்த காலமென்றே வைத்துக்கொள்வோம். தெற்கே நானூறு கிலோமீட்டர் பேருந்தில் கொழும்புக்கு. அங்கிருந்து கட்டுநாயக்க. அங்கே விமானம் ஏறினால் வடக்கே சுமார் 640 கிலோமீட்டர் பறந்து சென்னை. இப்போது வரைபடத்தில் கட்டுநாயக்கவுக்கும் மீனம்பாக்கத்துக்கும் ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடு யாழ்ப்பாணம் நகரத்தின் மேலேயே போகிறது. ஒரு ராத்திரி முழுக்கத் தெற்கே போய், காலையில் தன் வீட்டுக்கு நேர் மேலே இருக்கும் வானத்துக்குத் திரும்பி வந்து, அங்கே இறங்க முடியாமல் அதைத் தாண்டிப் போக வேண்டும். எந்த இணையதளமும் இதைத் தூரமாகக் காட்டாது.

சாலை மூடியிருந்த காலத்தில் இதுகூட இல்லை. குடாநாட்டிலிருந்து வெளியே வர கப்பலும் சிறு விமானங்களும் மட்டும்தான். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானத்தைப் புலிகள் சுட்டு வீழ்த்தினார்கள். 55 பேர். மன்னார்ப் பக்கத்துக் கடலில் விழுந்தது. ஒரு மணி நேரப் பயணம் அது. 'எழுபத்தைந்து நிமிடம்' என்று கவிதை மாதிரிச் சொல்கிறவர்கள் இந்த 55 பேரையும் அதே கடலில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊரும் இதில் கைகழுவ முடியாது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு கொழும்பு போகும் விமானத்துக்காக வைத்தது. சுமார் முப்பது பேர் செத்தார்கள். ஈழத் தமிழ் இயக்கம் ஒன்றின் வேலை. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் வயதானவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலியை சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். நவம்பரில் சென்னை விமானம் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு நின்றது. உலகம் முழுக்க விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கி வெகுநாள் ஆன பிறகு, 2022 டிசம்பர் 12 அன்றுதான் இது பறந்தது. 2023 ஜூலையில் தினசரி ஆனது. 2024 செப்டம்பரில் இரண்டாவது நிறுவனம் வந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் ஒன்று. திருச்சி இன்னும் பக்கம், 185 கிலோமீட்டர்கூட இல்லை. கப்பல் கதை இதைவிட வேடிக்கை. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலைப் பிரதமர் காணொளியில் தொடங்கி வைத்தார். ஒரு வாரம்கூட ஓடவில்லை. அடுத்த ஆகஸ்டில் வேறு கப்பல் வந்து ஓடத் தொடங்கியது.

'ஆள் வராது, நஷ்டம்' என்று இத்தனை காலம் சொன்னவர்களுக்கு இந்தப் பத்தியே பதில். ஆள் இருந்தார்கள். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், தி. நகரில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள், சிதம்பரத்துக்கும் திருச்செந்தூருக்கும் வேண்டுதலுக்கு வருகிறவர்கள். எல்லோரும் கொழும்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் இல்லை. பூமியின் வட உச்சியில் இதன் அசல் நகல் ஒன்று இருக்கிறது. அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் என்று ஓர் ஊர். பேரிங் நீரிணைக்கு எதிர்ப்பக்கம், ரஷ்யாவின் சுகோட்காவில் ப்ரோவிதேனியா. இரண்டிலும் சின்ன விமான நிலையங்கள். தூரம் சுமார் 375 கிலோமீட்டர், நம் பலாலித் தூரத்தோடு இருபது கிலோமீட்டர் கூட. இரண்டு கரையிலும் யூபிக் மக்கள் இருக்கிறார்கள். ஒரே மொழி, கொண்டு கொடுத்த குடும்பங்கள், தோல் படகில் போய் வந்தவர்கள். 1948-இல் பனிப்போர் அந்த நீரிணையை மூடியது. அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கரையில் நாற்பது வருடம்.

1988 ஜூன் 13 அன்று நோமிலிருந்து ஒரு போயிங் விமானம் ப்ரோவிதேனியாவுக்குப் போனது. நட்பு விமானம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மணி நேரப் பயணம்தான். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு இருப்பதால் இறங்கும்போது மறுநாள் ஆகியிருக்கும். வயதான உறவினர்கள் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த வருடமே அந்த மண்ணின் பூர்வகுடிகள் விசா இல்லாமல் போய்வர இரண்டு வல்லரசுகளும் ஒப்பந்தம் போட்டன. இந்த இடத்தைக் கவனியுங்கள். அணுகுண்டை ஒருவர் மேல் ஒருவர் குறி வைத்திருந்த இரண்டு நாடுகள், 'இவர்கள் சொந்தக்காரர்கள், இவர்களுக்குத் தனி வழி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பகையே இல்லை என்று தினமும் சொல்லிக்கொள்ளும் டெல்லியும் கொழும்பும் இன்றுவரை அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போடவில்லை.

அந்தக் கதையின் முடிவும் நல்லதில்லை. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவர் விமானத்துக்கு ஒருவர் வானத்தை மூடின. இன்று நோமிலிருந்து ப்ரோவிதேனியாவுக்குப் போவதென்றால் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி, மூன்றாவது நாடு ஒன்றின் வழியாக மாஸ்கோ போய், அங்கிருந்து சைபீரியா முழுவதையும் கடந்து வர வேண்டும். இணையதளத்தில் தட்டினால் இப்போதும் ஒரு மணி நேரம் என்றுதான் வரும். பாவம், அதற்கு என்ன தெரியும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் அடுக்ககத்துக்கு வெளிப்பூச்சு அடிக்க வந்த பெயிண்டர்களில் ஒருவர் முகாமிலிருந்து வந்தவர். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் ஆண்கள் பெரும்பாலும் பெயிண்ட் வேலைக்குத்தான் போகிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அவர்கள் எந்த ஊர் என்று கேட்டிருக்க மாட்டீர்கள். இவருக்கு மன்னார் பக்கம். ஏழு வயதில் படகில் வந்தவர். சாரத்திலிருந்து இறங்கி டீ குடிக்கும்போது, பலாலி விமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எவ்வளவு நேரம் தம்பி?" என்றார்.

"ஒண்ணேகால் மணிண்ணே."

"கிட்டத்தான்." கொஞ்சம் நேரம் கழித்து, "அங்க இறங்கினா என்ன கேப்பாங்கள்?"

"பாஸ்போர்ட், விசா. எங்க தங்கப் போறீங்கன்னு கேப்பாங்க."

"என்னட்ட கேட்டா, எப்பிடிப் போனனீ எண்டெல்லோ முதல்ல கேப்பாங்கள்."

அவர் கேட்டதற்குப் பலாலியிலேயே பதில் வந்தது. 2025 மே மாதக் கடைசியில், பல வருடம் தமிழ்நாட்டில் அகதியாக இருந்த ஒரு முதியவர், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே, எல்லாத் தாளும் சரியாக வைத்துக்கொண்டு விமானத்தில் ஊர் திரும்பினார். பலாலியில் இறங்கியதும் கைது செய்தார்கள். குற்றம்? போர்க்காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ வழியாக அல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறியது. உயிர் தப்பிப் படகில் ஏறியவனிடம், ஏன் விமான நிலையம் வழியாகப் போகவில்லை என்று கேட்கிறார்கள். அந்த விமான நிலையம் அப்போது ராணுவ முகாமுக்குள் இருந்தது. பிறகு பிணையில் விட்டார்கள், சத்தம் எழுந்தது, சட்டத்தைப் பார்க்கிறோம் என்றார்கள். எழுபத்தைந்து நிமிடப் பயணம் எத்தனை வருடத்தைக் கிளறும் என்பதற்கு இதைவிட நல்ல அட்டவணை எனக்குத் தெரியாது.

இந்தப் பக்கமும் யோக்கியம் இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். 2021-இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினோம். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் மத்திய அரசின் சட்டத்தில் அவர்கள் இன்னும் சட்டவிரோதமாக வந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எழுதிவிட்டு, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாட்டை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. உள்ளே தள்ள மாட்டோம் என்று சொல்வதும், போய் வா என்று சொல்வதும் ஒன்றா?

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கு சிலருக்கு ஞாபகம் இருக்கும். அவருக்குப் பாஸ்போர்ட் கொடு என்று 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். எப்படிக் கிடைத்தது? 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அவ்வளவுதான். அதே முகாமில், அடுத்த வீட்டில், ஒண்ணரை வருடம் தள்ளிப் பிறந்த பிள்ளைக்கு அந்த உத்தரவு செல்லாது. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. இலங்கையைப் பார்த்ததே கிடையாது. பார்க்க வேண்டும் என்றால் இந்திய அரசிடம் வெளியேறும் அனுமதி வாங்கி, இலங்கைத் துணைத் தூதரகத்தில் தாள் வாங்கி, ஒருவழி டிக்கெட்டில் போக வேண்டும். பெரியம்மா செத்துவிட்டார், எட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதற்கு அந்த அலுவலகங்களில் படிவமே கிடையாது.

நாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அம்மா திட்டுவாள். 'போயிட்டு வரேன்' என்பதுதான் நம் பாஷையில் பயணம். சிட்லபாக்கத்துக்காரன் வெள்ளி இரவு தாம்பரத்தில் பாண்டியன் பிடித்து, மதுரையில் கல்யாணம் பார்த்து, திங்கள் காலை ஆபீசில் இருக்கிறான். அதனால் மதுரை பக்கம். அந்தப் பெயிண்டருக்கு மன்னார் 'போறேன்' என்று மட்டும் சொல்லக்கூடிய ஊர். மேசைக்காரர்கள் அவருக்கு அந்த வினைச்சொல்லின் இரண்டாம் பாதியைத் தர மறுக்கிறார்கள்.

'அவங்க இங்கேயே பழகிட்டாங்க சார், திரும்பிப் போக யாருக்கும் விருப்பம் இல்லை' என்று ஒரு வாதம் உண்டு. இதை அதிகாரிகள் சொன்னால் புரிந்துகொள்ளலாம், இலக்கியக் கூட்டங்களில்கூடக் கேட்டிருக்கிறேன். திரும்பிப் போய்க் குடியேறுவதற்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கும் வித்தியாசம் தெரியாதவர் போல நடிக்கிற வாதம் இது. லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் ஈழத் தமிழர் யாரும் திரும்பிக் குடியேறப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆவணியிலும் நல்லூர்த் தேருக்கு வருகிறார்கள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிற அவர்களுக்கு யாழ்ப்பாணம் பக்கம். காரணம் கையில் ஒரு நீலப் புத்தகம். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி மண்டபத்தில் இருக்கிறவருக்கு எட்டாத தூரம்.

'விமானம் விட்டதே பெரிய விஷயம், இதிலும் குறை சொல்வதா' என்று இன்னொரு வாதம். விமானத்தை நான் குறை சொல்லவில்லை. தினம் நான்கு விடட்டும். கப்பல் பன்னிரண்டு மாதமும் ஓடட்டும். யூபிக் மக்களுக்கு 1989-இல் எழுதியது போல ஒரு தாள், முகாமில் பதிவு பெற்றவர்களுக்கு ஒரு போய்வரும் ஆவணம், படகில் போனதற்காகக் கைது இல்லை என்று கொழும்பிலிருந்து எழுத்தில் ஓர் உறுதி. இதில் எதற்கும் புது எஞ்சின் கண்டுபிடிக்க வேண்டாம். இதைக் கேட்காமல், எழுபத்தைந்து என்ற எண்ணை மட்டும் உருகி உருகி எழுதுவதைத்தான் குறை சொல்கிறேன். எழுதுகிறவன் பாஸ்போர்ட்டை வைத்து அளந்த தூரத்தை எல்லோருடைய தூரமாகவும் எழுதுவது சோம்பேறித்தனம். நம் பயணக் கட்டுரைகளில் பாதி இந்தச் சோம்பேறித்தனத்தில் எழுதியவை.

பலாலியில் இறங்குகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்திருப்பார்கள். செம்மண், பனை, நடுவில் கூரை போன வீடுகள். 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்களை வெளியேற்றி அந்த நிலத்தை உயர் பாதுகாப்பு வலயம் ஆக்கினார்கள். மயிலிட்டி, பலாலி, வசாவிளான் என்று வரிசையாக ஊர்கள். போர் முடிந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள், இன்னும் முழுதாக இல்லை. சென்னையிலிருந்து போகும் நாம் எழுபத்தைந்து நிமிடத்தில் அந்த மண்ணில் கால் வைத்துவிடுகிறோம். ஓடுபாதைக்குப் பக்கத்தில் காணி வைத்திருந்தவர், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்துகொண்டு, இருபது முப்பது வருடம் அங்கே கால் வைக்க முடியாமல் கிடந்தார். அந்தப் பக்கத்துச் சாலை ஒன்றை முப்பத்தைந்து வருடம் கழித்து 2025 ஏப்ரலில் திறந்தார்கள். பகலில் மட்டும், நிபந்தனைகளோடு.